தோல் வச்சும் திரும்பத் திரும்ப வர்ற கால் புண்ணுக்கு சதை மாத்தி வைக்கலாமா?

கேள்வி: டாக்டர், எங்க அப்பாவுக்கு 61 வயசு. நின்னுக்கிட்டே செய்யற வேலை. இடது கால்ல உள்பக்க கணுக்காலுக்கு கொஞ்சம் மேல 6 வருஷமா புண் இருக்கு. வெரிகோஸ் புண்ணுன்னு சொல்லி லேசர் பண்ணாங்க, அப்புறம் தொடையில இருந்து தோல் எடுத்து ரெண்டு தடவை வச்சாங்க. ரெண்டு தடவையும் நல்லா ஒட்டிக்கிச்சு, ஆனா சில மாசத்துல அதே இடத்துல மறுபடி பொத்துக்கிச்சு. இப்ப ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், சுத்தி கறுத்து கல்லு மாதிரி ஆன இடத்தையும் சேர்த்து வெட்டி எடுத்துட்டு, தொடையில இருந்து தோலும் கொழுப்பும் ரத்தக்குழாயோட எடுத்து வைக்கலாம், 8 மணி நேரம் ஆகும்னு சொல்றார். சொந்தக்காரங்க எல்லாம் ஒரு புண்ணுக்குப் போய் இவ்வளவு பெரிய ஆபரேஷனா, நல்லா இருக்க தொடையையும் கெடுத்துக்காதீங்கன்னு பயமுறுத்தறாங்க. அப்பாவுக்கு சர்க்கரைக்கு மாத்திரை ஓடுது, சிகரெட்டை இன்னும் முழுசா விடல. வாலிப வயசுல அந்தக் கால் உடைஞ்சு மாவுக்கட்டு போட்டதுல இருந்தே சாயங்காலம் ஆனா அந்தக் கால் மட்டும் வீங்கும்னு சொல்வார். பண்ணலாமா, வேண்டாமா?

பதில்:

வணக்கம்மா. முதல்ல சொந்தக்காரங்க பயத்துக்கு பதில் சொல்லிடறேன். அந்த சர்ஜன் சொன்னது யாரும் கேள்விப்படாத யோசனை எல்லாம் கிடையாது, பிடிவாதமான வெரிகோஸ் புண்ணுக்கு இந்த ஆபரேஷனை 30 வருஷத்துக்கு மேலா பண்ணிட்டுதான் இருக்காங்க, சரியான ஆளுக்கு சரியான நேரத்துல பண்ணா நல்லாவே நிக்குது. ஆனா உங்க அப்பாவுக்கு இப்பவே தேதி குறிக்கலாமான்னு கேட்டா நான் குறிக்க மாட்டேன். காரணம் கடைசியில போற போக்குல எழுதியிருக்கீங்களே, அந்த மாவுக்கட்டு. லெட்டர்லயே எனக்கு அதுதான் பெரிய விஷயமாப் பட்டுச்சு.

கால் உடைஞ்சு வாரக்கணக்குல அசைக்காம வச்சிருக்கும்போது ஆழத்துல ஓடுற பெரிய வெயின்ல, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு போற குழாய்ல, ரத்தம் உறைஞ்சு கட்டியாகலாம். நிறைய பேருக்கு அது நடந்ததே தெரியாது, கால் உடைஞ்சதால வீங்குது வலிக்குதுன்னு நினைச்சுக்குவாங்க. அந்தக் கட்டி அப்புறம் மெல்ல கரைஞ்சாலும் போறப்ப பல பேருக்கு உள்ள இருக்க வால்வை சிதைச்சுட்டுப் போகும், சில பேருக்கு குழாய் முழுசா திறக்காம பாதி அடைப்பாவே நின்னுடும். இதை போஸ்ட் த்ராம்பாடிக் சிண்ட்ரோம்னு சொல்வோம், புண்ணு வர பத்து இருபது வருஷம் கூட ஆகலாம். உங்க அப்பாவுக்கு அதுதான்னு ஒரு லெட்டரை வச்சு நான் சொல்லிட முடியாது, ஆனா ஒரே ஒரு கால் மட்டும், உடைஞ்ச கால் மட்டும், இத்தனை வருஷமா சாயங்காலம் வீங்குதுன்னா முதல்ல அந்தப் பக்கம்தான் பாக்கணும். லேசர் பண்ணாங்களே, அது தோலுக்கு கீழ மேலோட்டமா ஓடுற வெயினை அடைக்கறதுக்கு மட்டும்தான். ஆழத்துல இருக்க குழாய்க்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

புண்ணு ஏன் அந்த இடத்துலயே வருதுன்னு கொஞ்சம் சொல்றேன், இது புரிஞ்சாதான் மத்ததெல்லாம் புரியும். கால்ல இருந்து ரத்தம் மேல ஏறணும்னா கெண்டைச்சதை சுருங்கி அழுத்தித் தள்ளணும், தள்ளின ரத்தம் திரும்ப கீழ இறங்காம வால்வு மூடிக்கணும். சும்மா நின்னுட்டு இருக்கும்போது கணுக்கால் வெயின்ல அழுத்தம் எல்லாருக்குமே 80, 90 மில்லிமீட்டர் மெர்குரி இருக்கும், அதுல தப்பே இல்ல. நாலு அடி நடந்தா நல்ல கால்ல அது 30-க்கும் கீழ சரசரன்னு இறங்கிடும். வால்வு போன கால்ல நடந்தாலும் இறங்காது, அதுதான் வியாதியே. நாள் முழுக்க அந்த அழுத்தத்துல கிடக்கிற மெல்லிய குழாய்கள்ல இருந்து ரத்த அணுவும் புரதமும் வெளிய கசிஞ்சு திசுவுல தேங்குது, அணு உடைஞ்சு அதுல இருக்க இரும்பு படியறதுதான் அந்த பழுப்பு நிறம். வருஷக்கணக்குல அந்த இடத்துல அழற்சி நடந்து நடந்து தோலுக்கு கீழ இருக்க கொழுப்பு செத்து தழும்பா இறுகிடும், கணுக்காலுக்கு மேல கால் ஒடுங்கி, அதுக்கு மேல பருத்துத் தெரியும், விரலால அழுத்தினா அமுங்காது. நீங்க கல்லு மாதிரின்னு எழுதினது இதைத்தான். லிப்போடெர்மாட்டோஸ்க்ளிரோசிஸ்னு ஒரு வாய்க்குள்ள நுழையாத பேர் இதுக்கு.

இப்ப தோல் ஒட்டு ஏன் ஒட்டிக்கிட்டும் நிக்கலைங்கிறதுக்கு வருவோம். தொடையில இருந்து எடுக்கறது ரொம்ப மெல்லிசான ஏடு, கால் மில்லிமீட்டர்ல இருந்து அரை மில்லிமீட்டருக்குள்ளதான் இருக்கும். அதுக்குன்னு சொந்தமா ரத்த ஓட்டம் கிடையாது, முதல் ஒண்ணு ரெண்டு நாள் புண்ணுல ஊறுற நீரை உறிஞ்சிதான் உயிரோட இருக்கும், அதுக்குள்ள கீழ இருந்து குட்டிக் குட்டி ரத்தக்குழாய் முளைச்சு அதுக்குள்ள போய் சேரணும், அஞ்சு நாள் ஒரு வாரத்துல சேர்ந்துடும். ஆஸ்பத்திரியில காலைத் தூக்கி வச்சு படுத்திருக்கற வரைக்கும் வெயின் அழுத்தம் குறைவா இருக்கறதால இது அழகா நடக்கும், எல்லாருக்கும் சந்தோஷமா இருக்கும். வீட்டுக்கு வந்து மறுபடி மணிக்கணக்குல நிக்க ஆரம்பிச்சதும் பழைய அழுத்தம், பழைய கசிவு, கீழ அதே இறுகின தழும்பு, அதுக்கு மேல காகிதம் மாதிரி ஒரு தோல். ஓதம் ஏறுற சுவத்துக்கு மேல புதுசா சுண்ணாம்பு அடிச்ச கதைதான், அடிச்ச ஆளு வேலையில குறை இல்ல.

அதுக்காக ரெண்டு தடவை வச்சது வீண்னு நினைக்காதீங்க. தோல் ஒட்டு 1869-ல ரெவெர்டின் பாரிஸ்ல காட்டினதுல இருந்து கால் புண்ணுக்கு பண்ணிட்டு வர்ற விஷயம், எவ்வளவோ பேருக்கு அதுவே போதும். ஆனா எப்படி வச்சாங்கன்னு கேக்கணும். புண்ணோட மேல்பக்கத்தை மட்டும் சுரண்டிட்டு வச்சாங்களா, இல்ல புண்ணு, சுத்தி இறுகின பகுதி எல்லாத்தையும் நல்லா ரத்தம் கசியற, மிருதுவான திசு வர்ற வரைக்கும் ஏடு ஏடா சீவி எடுத்துட்டு வச்சாங்களா. ரெண்டாவது முறைக்கு ஷேவ் தெரபின்னு பேரு, ஜெர்மனியில 1990-கள்ல இதை நிறைய பண்ணி எழுதினாங்க, ஆழத்து வெயின் கெட்டுப்போனவங்கள்ல கூட ஓரளவு நல்ல பலன் இருக்கு. உங்க அப்பாவுக்கு ரெண்டு தடவையும் சுரண்டிதான் வச்சாங்கன்னா, பெரிய ஆபரேஷனுக்கு முன்னாடி இந்த நடுவழி இன்னும் பாக்கி இருக்குன்னு அர்த்தம். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில ஆபரேஷன் குறிப்பு இருக்கும், எடுத்து புது சர்ஜன்கிட்ட காட்டுங்க. நிறைய வீட்ல அதை தூக்கிப் போட்டுடறாங்க, பில்லை மட்டும் பத்திரமா வச்சிருப்பாங்க.

சரி, ஃபிளாப். உங்க சர்ஜன் சொன்ன, ரத்தக்குழாயோட எடுத்து வைக்கற சதைக்குத்தான் அந்தப் பேரு. இதுக்கும் தோல் ஒட்டுக்கும் அடிப்படை வித்தியாசம் என்னன்னா, ஃபிளாப் தன் ரத்த ஓட்டத்தை தானே கொண்டு வருது. கெட்டுப்போன தோல், கொழுப்பு எல்லாத்தையும் ஒட்டுமொத்தமா வெட்டி எடுத்துட்டு அந்தப் பள்ளத்துல நல்ல தோல், நல்ல கொழுப்பு, தேவைப்பட்டா தசையும் சேர்த்து முழு கனத்தோட வைக்கிறோம். கீழ எலும்பு, தசைநார் வெளிய தெரிஞ்சாலும் இதை வைக்கலாம், மெல்லிய தோல் ஒட்டு மூடுசவ்வு இல்லாத வெறும் எலும்பு மேலயோ வெறும் தசைநார் மேலயோ பிடிக்காது.

பக்கத்துல இருந்தே திருப்பி வைக்கக்கூடாதா, ஏன் தொடை வரைக்கும் போகணும்னு கேப்பீங்க. கால்லயே பின்பக்கத்துல இருந்து தோலைத் திருப்பிக் கீழ கொண்டு வர்ற சூரல் ஃபிளாப் மாதிரி வழிகள் இருக்கு, விபத்துல வர்ற காயத்துக்கு எல்லாம் அருமையா வேலை செய்யும். ஆனா வெயின் கெட்ட கால்ல பக்கத்துத் தோலும் அதே வியாதியில ஊறினதுதான், அதோட அந்த ஃபிளாப்ல ரத்தம் வெளியேற வேண்டியதே தலைகீழா, கெட்டுப்போன வெயின் வழியாத்தான், அதனால எடுத்து வச்ச சதை ரத்தம் தேங்கி கறுத்துப் போக வாய்ப்பு அதிகம். நான் இந்த புண்ணுக்கு அதை சுலபத்துல தொட மாட்டேன். சின்னப் புண்ணு, சுத்தி தோல் நல்லா இருக்கு, ஸ்கேன்ல ஆழத்துல இருந்து தோலுக்கு வர்ற நல்ல குட்டி ரத்தக்குழாய், பெர்ஃபோரேட்டர்னு சொல்வோம், தெரியுதுன்னா அது வேற கதை.

அதனாலதான் தொடை. தொடையோட முன் வெளிப்பக்கத்துல இருந்து எடுக்கிற ஏஎல்டி ஃபிளாப் இப்ப அதிகமா பழக்கத்துல இருக்கு, உங்க சர்ஜன் சொல்றது அனேகமா அதுதான். சில பேர் முதுகுல இருந்தோ உள்தொடையில இருந்தோ தசையை எடுத்து மேல தோல் ஒட்டு வைப்பாங்க. எடுத்த சதையோட ரத்தக்குழாயை, ஒண்ணுல இருந்து மூணு மில்லிமீட்டர் குறுக்களவுதான் இருக்கும், மைக்ரோஸ்கோப்புல பாத்து முடியை விட மெல்லிய நூலால கால்ல இருக்க ஆர்டரியிலயும் (இதயத்துல இருந்து ரத்தம் கொண்டு வர்ற குழாய்) வெயின்லயும் தைக்கணும். 8 மணி நேரம்னா அதனாலதான், மிகைப்படுத்தி சொல்லல.

இதுல ஒரு சுவாரசியமான விஷயம் இருக்கு. 1994-ல வந்த ஒரு ஆய்வுல, ஃபிளாப்புக்குள்ள இருக்க குட்டி வெயின்கள்ல வால்வு நல்லா இருக்குன்னும், அதை மாத்தி வைக்கிறப்ப நல்ல வால்வும் சேர்ந்து அந்த இடத்துக்கு வருதுன்னும் காட்டினாங்க. அதனாலதானோ என்னவோ, ஃபிளாப் வச்ச எல்லைக்குள்ள மறுபடி புண்ணு வர்றது அபூர்வம். வந்தா ஓரத்துல, பழைய தோலும் புதுத் தோலும் சேர்ற கோட்டுல வரும், இல்ல அதே கால்ல வேற இடத்துல வரும். ஏன்னா காலோட மொத்த வெயின் அழுத்தம் அப்படியேதான் இருக்கு, ஃபிளாப் அதை மாத்தாது. அந்தக் கல்லு மாதிரி ஆன பகுதியை கஞ்சத்தனம் பண்ணாம முழுசா எடுக்கணும்னு சொல்றதும் இதுக்காகத்தான், பாதியை விட்டுட்டு தைச்சா ஓரத்துல பொத்துக்கும். ஒண்ணையும் நேர்மையா சொல்லிடணும், இந்த விஷயத்துல இருக்கறதெல்லாம் சில பத்து நோயாளிகளை வச்சு எழுதின அனுபவக் குறிப்புகள்தான், ஆயிரம் பேரை ரெண்டு பிரிவா பிரிச்சு பாத்த பெரிய பரிசோதனை கிடையாது.

இப்ப மாவுக்கட்டுக்கு திரும்ப வரேன், ஏன்னா அது ஃபிளாப்பையே கவுத்துடும். எடுத்து வச்ச சதையில இருந்து ரத்தம் வெளிய போக ஒரு நல்ல வெயின் வேணும், வழக்கமா கணுக்கால் ஆர்டரியை ஒட்டிப் போற வெயின்லதான் தைப்போம். பழைய கட்டியில அந்த வெயினே அடைஞ்சிருந்தா? திறந்திருந்தும் ரத்தம் பின்னால வழிஞ்சா? ஃபிளாப் தோத்துப் போறதுல பெரும்பங்கு ரத்தம் உள்ள போகாம இல்ல, வெளிய வர முடியாமதான். இதுல இன்னொண்ணு, அப்ப வந்தது ரத்தம் சுலபமா உறையற சுபாவத்தால வந்ததா இருந்தா, தைச்ச இடத்துலயும் உறையலாம், அதுக்கும் முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை பண்ணி ரத்தத்தை இளக்கற மருந்து எப்படி தரணும்னு திட்டம் போடணும்.

அதனால ரத்தக்குழாய்ல ஓட்டம் எப்படி இருக்குன்னு காட்டற டூப்ளெக்ஸ் டாப்ளர் ஸ்கேன் புதுசா ஒண்ணு எடுங்க. லேசருக்கு முன்னாடி எடுத்த பழசு உதவாது. படுக்க வச்சு மட்டும் எடுத்தா பின்னால வழியறது சரியா தெரியாது, நிக்க வச்சும் பாக்கச் சொல்லுங்க. மேலோட்ட வெயின், லேசர் பண்ணது மறுபடி திறந்திருக்கா, புண்ணுக்கு நேர் கீழ மேலோட்ட வெயினை ஆழத்து வெயினோட சேர்க்கற பெர்ஃபோரேட்டர் வெயின், முழங்காலுக்குப் பின்னால, தொடை, இதோட முக்கியமா வயித்துக்குள்ள போற இலியாக் வெயின் அடைச்சிருக்கான்னு. இடது கால்ல அந்த வெயினை மேல ஓடுற ஆர்டரி அமுக்கற இடம் ஒண்ணு இருக்கு, அதனால இடது கால் பிரச்சனைன்னாலே வயித்தையும் சேர்த்து பாக்கறது நல்லது, தேவைப்பட்டா வெயின் தெளிவா தெரிய மருந்து ஏத்தி எடுக்கற சிடி வெனோகிராம் எடுப்பாங்க. அங்க அடைப்பு இருந்து ஸ்டென்ட் வச்சு திறந்தா, புண்ணு தானா ஆற ஆரம்பிச்சு ஃபிளாப்பே தேவைப்படாம போன ஆளுங்களும் உண்டு. மேலோட்ட வெயின் மறுபடி திறந்திருந்தா அதை அடைக்கறதே நல்ல பலன் தரும். பிரிட்டன்ல 450 பேரை வச்சு பண்ணி 2018-ல வந்த எவ்ரா பரிசோதனையில, காலை அழுத்திப் பிடிக்கற கட்டு போடறதோட சீக்கிரமே வெயினையும் அடைச்சவங்களுக்கு பாதிப் பேருக்கு 56 நாள்ல புண் ஆறிடுச்சு, வெயினை அடைக்கறதை தள்ளிப் போட்டவங்களுக்கு 82 நாள் ஆச்சு. அதுக்கு முன்னாடி 2004-ல வந்த எஸ்கார் பரிசோதனையில கட்டோட வெயின் ஆபரேஷனும் பண்ணவங்களுக்கு ஒரு வருஷத்துல புண் திரும்பினது 12 சதவீதம், கட்டு மட்டும் போட்டவங்களுக்கு 28. வெயினை கவனிச்சாதான் புண் திரும்பாம இருக்கும்ங்கிறதுக்கு இதைவிட தெளிவா வேற ஆதாரம் கிடைக்காது.

ஸ்கேன் பண்றப்பவே ஆர்டரியும் பாத்துடுங்க. சர்க்கரை, சிகரெட் ரெண்டும் இருக்கறவருக்கு ரத்தம் கீழ வர்றதுலயே குறை இருக்கலாம். கணுக்கால்ல பிபி பாத்து கை பிபியோட வகுத்துப் பாப்பாங்க, 0.8-க்கு கீழ வந்தா இறுக்கிக் கட்டறதுல ஜாக்கிரதை வேணும், 0.5-க்கு கீழன்னா இறுக்கவே கூடாது. சர்க்கரைக்காரங்களுக்கு ஆர்டரி சுண்ணாம்பு படிஞ்சு விறைச்சிருந்தா இந்த எண் பொய்யா அதிகமா காட்டும், அப்ப கட்டை விரல்ல அழுத்தம் பாக்கணும்.

அப்புறம் பயாப்சி. 6 வருஷமா ஆறாத, ரெண்டு தடவை தோல் வச்சும் திரும்பின புண்ணுல ஓரத்துல இருந்து ஒண்ணு ரெண்டு இடத்துல சின்ன துண்டு எடுத்து பாக்காம நான் எந்த ஆபரேஷனும் பண்ண மாட்டேன். நாள்பட்ட புண்ணுல புற்று வர்றது அபூர்வம்தான், ஆனா வரும், ஓரம் தடிச்சு மேல எழும்பி, தொட்டா ரத்தம் கசிஞ்சு, நாத்தம் அதிகமாகி இருந்தா இன்னும் சந்தேகம். இன்னொரு வில்லன் பயோடெர்மா கேங்ரினோசம்னு ஒண்ணு, பாக்க புண்ணு மாதிரியே இருக்கும், ஓரம் ஊதா நிறத்துல குழிஞ்சு வலி தாங்காது, அதுல கத்தி வச்சா புண்ணு பெருசாயிட்டே போகும், தோல் எடுத்த இடத்துலயும் வரும். உங்க அப்பாவுக்கு தொடையில தோல் எடுத்த இடம் ஒழுங்கா ஆறிடுச்சா? ஆறிடுச்சுன்னா அந்த சந்தேகம் பெருமளவு குறையுது.

இனி நான் கொஞ்சம் திட்டப்போறேன், கோவிச்சுக்காதீங்க. லேசர் எழுதியிருக்கீங்க, ஆயின்மென்ட் எல்லாம் தனியா பேப்பர்ல எழுதி இணைச்சிருக்கீங்க, ஆனா அழுத்தக் கட்டு, காலை இறுக்கிப் பிடிக்கற ஸ்டாக்கிங்ஸ் பத்தி ஒரு வரி கூட இல்ல. ரெண்டு தடவை தோல் வச்சதுக்கு அப்புறம் அவர் ஸ்டாக்கிங்ஸ் போட்டாரா? அனேகமா டிஸ்சார்ஜ் அன்னைக்கு யாரோ சொல்லியிருப்பாங்க, ஒரு மாசம் போட்டிருப்பார், வேர்க்குது அரிக்குது இழுத்துப் போட முடியலன்னு கழட்டி வச்சிருப்பார். இது உங்க அப்பா மேல மட்டும் குத்தம் இல்ல, நாங்களும் ஆபரேஷனை பத்தி அரைமணி நேரம் பேசுவோம் ஸ்டாக்கிங்ஸை பத்தி அரை நிமிஷம் பேசுவோம். ஆனா வெரிகோஸ் புண்ணுக்கு இன்னைக்கு வரைக்கும் முதல் வைத்தியம் அந்த அழுத்தக் கட்டுதான். கணுக்கால்ல 40 மில்லிமீட்டர் மெர்குரி கிட்ட இருந்து மேல போகப் போக குறையற மாதிரி அழுத்தம் வேணும், லண்டன்ல சேரிங் கிராஸ் ஆஸ்பத்திரியில 1980-கள்ல உருவான நாலு அடுக்கு கட்டு இதுக்கு பேர் போனது, ரெண்டு அடுக்கு கட்டும் இருக்கு. சும்மா க்ரேப் பேண்டேஜை சுத்தறது இதுக்கு சமம் கிடையாது, ரெண்டு மணி நேரத்துல தொளதொளன்னு ஆயிடும்.

அதனால ஸ்கேன்ல ஆர்டரி நல்லா இருக்குன்னு தெரிஞ்சதும், பழக்கமான கையால ஒழுங்கான அழுத்தக் கட்டு வாராவாரம் போட்டு, ஒரு மாசம் பாருங்க. புண்ணை அதே வெளிச்சத்துல ஸ்கேல் வச்சு போட்டோ எடுத்து வைங்க. நாலு வாரத்துல பரப்பளவு 40 சதவீதம் பக்கம் குறைஞ்சா அது தானா ஆறுற புண்ணு, கத்தி வேண்டாம். அசையவே இல்லைன்னா, 5 சதுர சென்டிமீட்டருக்கு மேல பெருசு, 6 மாசத்துக்கு மேல பழசு, இந்த ரெண்டும் சேர்ந்த புண்ணு கட்டுல மட்டும் ஆறுற வாய்ப்பு குறைவுன்னு தெரிஞ்ச விஷயம், அப்ப ஆபரேஷன் பேசறதுல நியாயம் இருக்கு. இந்த மாசம் வீணாப் போகாது, ஃபிளாப் வைக்கறதா இருந்தாலும் வீக்கம் இறங்கின கால்ல வைக்கிறதுதான் நல்லது.

இந்த ஒரு மாசத்துல சிகரெட்டை விடணும். குறைக்கறது இல்ல, விடணும். நிக்கோடின் குட்டி ரத்தக்குழாயை சுருக்கும், நான் 8 மணி நேரம் உக்காந்து தைச்சதை ஒரு பாக்கெட் சிகரெட் காலி பண்ணிடும். குறைஞ்சது நாலு வாரம் முன்னாடியே நிறுத்தியிருக்கணும். கடைசி மூணு மாச சர்க்கரை சராசரியைக் காட்டற எச்பிஏ1சி பாருங்க, அதிகமா இருந்தா சர்க்கரை டாக்டர்கிட்ட முதல்ல போங்க. ரத்தத்துல இருக்க புரதம் ஆல்புமின், ஹீமோகுளோபின் ரெண்டும் பாருங்க, நீர் வடியற புண்ணுல தினமும் புரதம் வெளிய போயிட்டே இருக்கும், சாப்பாட்டுல புரதம் கூட்டணும். புண்ணு நீரை எடுத்து கிருமி வளர்த்துப் பாக்கற கல்ச்சர்ல ஏதோ கிருமி வந்துச்சுன்னு ஆன்டிபயாடிக்கை மாத்தி மாத்தி குடுக்கறது எனக்கு பிடிக்காத பழக்கம், திறந்த புண்ணுல கிருமி இருக்கத்தான் செய்யும், சுத்தி சிவந்து சூடா வலிச்சு காய்ச்சல் வந்தா மட்டும் மருந்து. ஆனா ஆபரேஷனுக்கு முன்னாடி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகை இருந்தா அதை கண்டிப்பா ஒழிக்கணும், அது வச்ச தோலைக் கரைச்சுடும். நீங்க எழுதின ஆயின்மென்ட்ல நியோமைசின் இருக்கறது ஒண்ணு இருக்கு, அதை நிறுத்துங்க, இந்த நோயாளிங்களுக்கு அது அலர்ஜி ஆகி சுத்தி தோலை இன்னும் கெடுக்கும்.

எல்லாம் பாத்து முடிச்சும் ஃபிளாப்தான்னு முடிவானா என்ன நடக்கும்னு தெரிஞ்சு வச்சுக்கங்க. முதல் ரெண்டு மூணு நாள் நர்ஸ் மணிக்கு ஒரு தடவை வந்து அந்த சதையோட நிறம், சூடு, அமுக்கினா ரத்தம் திரும்ப வர்ற வேகம் எல்லாம் பாப்பாங்க, நடுராத்திரியிலயும்தான். நிறம் மாறினா திரும்ப தியேட்டருக்கு கூட்டிட்டுப் போய் தைச்ச இடத்தை திறந்து பாக்கலாம், அதுக்கு மனசை தயார் பண்ணிக்கங்க, சீக்கிரம் போனா காப்பாத்திடலாம். அனுபவமான இடங்கள்ல ஃபிளாப் பொதுவா நூத்துக்கு 95 பக்கம் பிழைக்கும், கால்ல கொஞ்சம் குறைவு, வெயின் கெட்ட கால்ல இன்னும் கவனம். ஒரு வாரம் வரைக்கும் காலைத் தொங்கவே விடக்கூடாது, அப்புறம் 5 நிமிஷம், 10 நிமிஷம்னு மெல்ல தொங்கவிட்டுப் பழக்குவாங்க, புது சதைக்கு அந்த அழுத்தத்தை தாங்கத் தெரியணுமே. நடமாட்டம் முழுசா திரும்ப ஒண்ணு ரெண்டு மாசம். கால் பாக்க அந்த இடத்துல புடைச்சு இருக்கும், செருப்பு மாத்த வேண்டி வரலாம், பின்னால கொழுப்பை இளைக்க வைக்க ஒரு சின்ன ஆபரேஷன் கேக்கற ஆளுங்களும் உண்டு.

தொடையை கெடுத்துக்கறோமேன்னு கேக்கறாங்களே, தொடையில நீளமா ஒரு தழும்பு வரும், சுத்தி கொஞ்சம் மரத்துப் போகும், அகலமா எடுத்தா அங்கயும் தோல் ஒட்டு வைக்க வேண்டி வரலாம். நடக்கற பலம் பெரும்பாலும் குறையாது. தோல் ஒட்டுக்கு எடுத்த இடம் எரிஞ்ச எரிச்சலை விட இது பல பேருக்கு தேவலையாவே இருக்கும்.

இதயமோ சிறுநீரகமோ பலவீனமா இருந்து 8 மணி நேர மயக்கம் தாங்காதுன்னு மயக்க டாக்டர் சொன்னா வருத்தப்படாதீங்க, வற்புறுத்தாதீங்க. மரத்துப்போற ஊசி மட்டும் போட்டு சின்னச் சின்ன தோல் பொட்டுகளை எடுத்து புண்ணுல வைக்கற பஞ்ச் கிராஃப்ட் இருக்கு, வலியை நல்லா குறைக்கும். சீவி எடுத்து தோல் வைக்கறது இருக்கு. ஆய்வகத்துல வளர்த்த ரெண்டு அடுக்கு செயற்கைத் தோலும் அழுத்தக் கட்டோட சேர்த்து வச்சா கட்டு மட்டும் போடறதை விட அதிகம் பேருக்கு ஆறியிருக்கு. புண்ணு சின்னதா, வலியில்லாம, சுத்தமா கட்டு போட்டுக்கிட்டு வேலைக்குப் போயிட்டு இருக்கார்னா அப்படியே வச்சுக்கறதும் ஒரு மரியாதையான முடிவுதான், அதை தோல்வின்னு நினைக்க வேண்டாம்.

எந்த வழியா ஆறினாலும் ஸ்டாக்கிங்ஸ் ஆயுசுக்கும் உண்டு, ஃபிளாப் வச்ச காலுக்கும் சர்ஜன் சரின்னு சொன்ன நாள்ல இருந்து உண்டு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை புதுசு மாத்தணும் ஏன்னா இழுவை போயிடும். நிக்கிற வேலையில அரை மணிக்கு ஒரு தடவை பாதத்தை மேல கீழ ஆட்டி குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொல்லுங்க, கணுக்கால் மூட்டு இறுகிப் போயிருந்தா பிசியோதெரபி வேணும், மூட்டு மடங்கலைன்னா கெண்டைச்சதை தள்ளாது.

சர்ஜன்கிட்ட போகும்போது புது ஸ்கேனும் பயாப்சி ரிப்போர்ட்டும் கையில வச்சுக்கிட்டு, இந்த சதையை எந்த வெயின்ல தைக்கப் போறீங்க, அது ஸ்கேன்ல நல்லா இருக்கான்னு நேரா கேளுங்க. பதில் தெளிவா வந்தா அவர் வேலை தெரிஞ்சவர். ஸ்டாக்கிங்ஸுக்கு அளவு எடுக்கறதை மட்டும் சாயங்காலத்துக்கு தள்ளாதீங்க, காலையில எழுந்ததும் வீக்கம் ஏறறதுக்கு முன்னாடி, கணுக்கால் ஒடுங்கின இடத்துலயும் கெண்டைச்சதை பருத்த இடத்துலயும் எடுக்கச் சொல்லுங்க.